ஹமீத் அன்று வாழைப்பழம் சாப்பிட்டான்

கடைசிப்பெஞ்சு:
இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் ‘ஈத்கா’ கதையைப் பற்றி மேசைவிளக்கு நேற்று இங்கே எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அவர் எழுதியது இதுதான்: “நாள் முழுக்க ஒரு வாய் சாப்பிடாமல், பொம்மைக்கும் மிட்டாய்க்கும் ஆசைப்படாமல், கையிலிருந்த 3 பைசாவையும் கொடுத்துப் பாட்டிக்கு இடுக்கி வாங்கி வந்தான் ஹமீத். ஏழைக் குழந்தை என்றால் இப்படி இருக்க வேண்டும்.”

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1933இல் வந்த கதை. ஹமீதுக்கு நாலைந்து வயது. அப்பா காலராவில் போய்ச் சேர்ந்தார். அம்மா என்ன நோயென்றே தெரியாமல் மஞ்சள் பூத்து ஒருநாள் செத்துப்போனாள். பாட்டி அமீனாதான் வளர்க்கிறாள். ஈத் அன்று காலையில் ஊர்ப் பிள்ளைகளோடு மூன்று கோசு தூரம், காலில் செருப்புகூட இல்லாமல், பட்டணத்து ஈத்காவுக்கு, அதாவது பெருநாள் தொழுகைத் திடலுக்கு, நடந்து போகிறான். தொழுகை முடிந்ததும் கடைத்தெரு. மற்ற பிள்ளைகள் ராட்டினம் சுற்றுகிறார்கள், பொம்மை வாங்குகிறார்கள், இனிப்பு வாங்கித் தின்கிறார்கள். இவனுக்கு, ரொட்டி எடுக்கும்போது பாட்டியின் விரல் சுட்டுக்கொள்கிறதே என்ற ஞாபகம் வருகிறது. இரும்புக் கடையில் இடுக்கி வாங்கிக்கொண்டு திரும்புகிறான்.

இனி மேசைவிளக்கின் வாக்கியத்துக்கு வருவோம். நாள் முழுக்கவாம். போனவர்கள் 11 மணிக்கெல்லாம் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று கதையிலேயே இருக்கிறது. ஆசைப்படவில்லையாம். மற்றவர்கள் கையிலிருந்த பொம்மையைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்க்க மாட்டோமா என்று அவன் கை தானாக நீளுகிறது, பையன்கள் கொடுக்கவில்லை. அதற்குப் பெயர் ஆசை என்பதல்லாமல் வேறென்ன? ‘ஒரு வாய் சாப்பிடாமல்’ என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொய். திரும்பி வரும் வழியில் கூட வந்த பையன் மஹ்மூதுக்குப் பசிக்கிறது. அவன் அப்பா வாழைப்பழம் கொடுக்கிறார். மஹ்மூத் ஹமீதுக்கு மட்டும் பங்கு கொடுக்கிறான், மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஹமீத் வாழைப்பழம் சாப்பிட்டான். முதலில் கதையைப் படியுங்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மேசைவிளக்கு:
இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பொய்யன் என்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன். இடுக்கிக்குக் காசு கொடுத்த அந்த நிமிஷத்தில் அவன் வயிறு காலியாக இருந்ததா இல்லையா? இன்னொரு பையன் மொஹ்சின் ரேவடி மிட்டாய் தருகிறேன் என்று கையை நீட்டிவிட்டு, இவன் வாங்கப் போகும்போது தன் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தானே, அந்த அவமானத்துக்குப் பிறகும் மிட்டாய்க் கடைக்குப் போகாமல் இரும்புக் கடையில் போய் நின்றானே, அது தியாகமில்லையா? பழம் அதற்கெல்லாம் அப்புறம்தான் வந்தது. அதைக் காட்டித் தியாகத்தைக் குறைக்கப் பார்க்கிறீர்கள். அந்தப் பாட்டியே மாரில் அடித்துக்கொண்டு, மத்தியானமாகிவிட்டது, தின்னவுமில்லை குடிக்கவுமில்லை என்றுதான் அழுகிறாள். அவளும் பொய் சொல்கிறாளா?

கடைசிப்பெஞ்சு:
பாட்டி வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பழம் தெரியாது. படித்த உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவாசல்:
இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். ‘போற்றத்தக்கவன்’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அவன் செய்த காரியத்தையா, அவன் குணத்தையா, பிரேம்சந்த் அவனைப் படைத்த விதத்தையா? மூன்றும் வேறு வேறு. முதலில் இதைத் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை இருக்காது.

பழையபுத்தகம்:
நாற்பது வருடமாக பிரேம்சந்தை இந்தி மூலத்தில் படித்து வருகிறவன் என்ற முறையில் ஒரு திருத்தம். கடைசிப்பெஞ்சுத் தம்பி அடித்துச் சொல்வதுபோல ‘சாப்பிட்டான்’ என்ற வினை மூலத்தில் கிடையாது. மஹ்மூத் ஹமீதை மட்டும் ‘சாஜீ’ ஆக்கிக்கொண்டான் என்றுதான் இருக்கிறது. சாஜீ என்றால் பங்காளி, கூட்டாளி. பங்கு கொடுத்ததற்குச் சான்று உண்டு, தின்றதற்குச் சான்று இல்லை. மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு வாதாட வந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று. சிம்டாவை எல்லோரும் ‘இடுக்கி’ என்கிறீர்கள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிறோமே, அந்தச் சின்னச் சாமானுக்குத்தான் இடுக்கி என்று பெயர். ஹமீத் வாங்கியது நீளமானது. தோளில் சாத்தினால் துப்பாக்கி, கையில் பிடித்தால் பக்கீரின் சிம்டா, தட்டினால் மஞ்சீரா தாளம் என்று அவனே பெருமையடிக்கிறான். பற்றுக்குறடு என்பதே சரியான சொல்.

கடைசிப்பெஞ்சு:
ஐயா, பங்கு கொடுத்த பழத்தை அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பான் என்கிறீர்கள்? காலையிலிருந்து நடந்து நடந்து காய்ந்துபோன நாலு வயதுக் குழந்தை, கையில் பழத்தை வைத்துக்கொண்டு மூலத்தில் வினைச்சொல் வரட்டும் என்று காத்திருப்பானா? சாப்பிட்டான். தோலை உரித்துச் சாப்பிட்டான்.

என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு 52 வயது. போன வருடம் பிரேம்சந்தின் ‘கஃபன்’ கதையைப் பற்றிப் பேச்சு நடந்தபோதும் இதையே சொன்னேன்.

ஒற்றைச்செருப்பு:
ஆமாம், போன வருடம் இதே இரண்டு பேர்தான். ‘கஃபன்’ எந்த மொழியில் முதலில் வந்தது என்று மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள். உருதுவில்தான் முதலில் வந்தது என்று பழையபுத்தகம் ஐயா சொன்னது கடைசியில் சரியாகிப் போனது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லைபோல.

எனக்குப் பழத்தில் அக்கறை இல்லை. ஹமீத் போற்றத்தக்கவன் இல்லை என்பதற்கு அவன் மனசுக்குள் ஓடியதே போதும். இரும்புக் கடை முன்னால் நின்று என்ன நினைக்கிறான்? பாட்டி ஓடி வந்து வாங்குவாள், ஆயிரம் துஆ கொடுப்பாள், அக்கம்பக்கத்துப் பெண்களிடமெல்லாம் காட்டுவாள், ஊரே பேசும், மற்றவர்களின் பொம்மைக்கு யார் ஆசீர்வாதம் செய்யப் போகிறார்கள் என்று கணக்குப் போடுகிறான். இது கொடுத்து வாங்கும் புத்தி. திரும்ப வரும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது ஈகையே இல்லை, குறியெதிர்ப்பை என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே (221) சொல்லியாயிற்று.

பழையபுத்தகம்:
அந்தக் குறளை முதல் சீரிலிருந்து படிக்கவும். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றுதான் ஆரம்பிக்கிறது. அமீனாவைவிட வறியவர் யார்? தையல் கூலியாகக் கிடைத்த 8 அணாவை உயிரைப்போல் பொத்திப் பொத்தி வைத்து, பால்காரிக்குப் போக மிஞ்சியது 2 அணா, அதாவது 8 பைசா. அதில் 3 பைசா ஹமீதின் பையில், 5 பைசா இவள் சுருக்குப்பையில். குறளின் பாதியை வைத்து ஒரு குழந்தையைத் தூக்கிலிட வேண்டாம். அதே அதிகாரத்தில் ‘ஈத்துவக்கும் இன்பம்’ என்றும் இருக்கிறது, 228. பாட்டி சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சந்தோஷப்படுவது அந்த இன்பம்தான்.

ஒற்றைச்செருப்பு:
பாட்டி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தால் ஈத்துவக்கும் இன்பம். ஊர் புகழும் என்று நினைத்தால்? வள்ளுவர் புகழுக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறார் ஐயா, இரண்டையும் கலக்காதீர்கள்.

தாழ்வாரம்:
மூன்று நாளாக நாலைந்து ஆண்கள் குறளும் வினைச்சொல்லுமாக அடித்துக்கொள்கிறீர்கள். அந்தக் கிழவியின் விரலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் பாட்டியிடம் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் இடுக்கி இருந்தது, ஆனால் ஆணி கழன்று ஒரு கை தனியாக ஆடும். அதை நம்பிக் கொதிக்கும் பானையைத் தூக்க முடியாது என்று பாட்டி சேலை முந்தானையை மடித்துப் பிடித்துத்தான் இறக்குவாள். அவளுடைய எல்லாச் சேலைக்கும் முந்தானை ஓரம் பழுப்பேறி, அங்கங்கே பொத்தல் விழுந்திருக்கும். வலது கட்டைவிரல் நுனி காய்த்துப்போய் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். சின்ன வயசில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். அது சூடு பட்டுப் பட்டு ஆனது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு திருவிழாவுக்கு அவள் கொடுத்த காசில் நான் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் அத்தனையும் உடைந்தது.

ஒன்பது வயசு எனக்கு. ஹமீதுக்கு நாலோ ஐந்தோ. எனக்கு வராத அந்த நினைப்பு அவனுக்கு வந்தது. அதனால்தான் அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஊர் புகழ வேண்டும் என்று நினைத்தானாம். நினைக்கட்டுமே! எனக்கு அந்தப் புகழாசைகூட வரவில்லையே.

கடைசிப்பெஞ்சு:
அம்மா, நீங்கள் வளையல் வாங்கியதில் ஒரு தப்பும் இல்லை. அதற்குத்தான் பாட்டி காசு கொடுத்தார். நீங்கள் வளையலைக் குலுக்கிக் காட்டியபோது அவர் சிரித்திருப்பார். ஐம்பது வருடம் கழித்தும் உங்களைக் குற்றவாளியாக நிற்க வைத்திருக்கிறதே இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்த விதம், அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தாழ்வாரம்:
நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பில்லை என்று சொல்ல நீங்கள் யார்? ஐம்பது வருடம் என்று என் வயதைக் கணக்குப் போடவும் சொல்லவில்லை.

மேசைவிளக்கு:
தாழ்வாரம் அம்மா சொன்னதுதான் என் கருத்தும். ஹமீதைப் படித்து ஒரு குழந்தையாவது தன் பாட்டியின் விரலைத் திரும்பிப் பார்த்தால் அதுவே போதும். அதைச் சொன்னதற்கு இத்தனை வசவு. பழம் பழம் என்று ஒருவர் கூவிக்கொண்டே இருக்கிறார்.

நடுவாசல்:
என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. காரியமா, குணமா, படைப்பா?

கடைசிப்பெஞ்சு:
நடுவாசல், கொஞ்சம் பொறுங்கள். பழம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பில் இந்தக் கதை சுருக்கப்பட்டுப் பாடமாக வந்தது. வாத்தியார் வாசித்து முடித்தார். புத்தகத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். என் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் இல்லை. அம்மா உள்பக்கமாக ஊக்குக் குத்தி அனுப்பியிருந்தாள், வெளியே தெரியாமல். அவர் பக்கத்தில் வந்து அந்த ஊக்கை விரலால் தட்டிக் காட்டி, “இவனும் ஒரு ஹமீத்தான். எதையாவது வேண்டும் என்று கேட்டு நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்றார். பாராட்டுகிறோம் என்றுதான் அவர் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். நான் ஊக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் வகுப்போடு சுற்றுலா போனார்கள். பணம் கட்ட முடிகிறவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். என் பெஞ்சு வந்ததும் தலையைத் தடவிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். கேட்கவே இல்லை. ஹமீத்தான் எதற்கும் ஆசைப்பட மாட்டானே! கேட்டிருந்தால் வீட்டில் எப்படியாவது புரட்டியிருப்பார்கள், இல்லையென்றால் இல்லை என்றாவது நானே என் வாயால் சொல்லியிருப்பேன். பள்ளி முடியும்வரை எனக்குப் பட்டப்பெயர் ‘இடுக்கி’.

முப்பது வயதுக்கு மேல்தான் முழுக் கதையையும் படித்தேன். பாடப் புத்தகத்தில் வெட்டி எறிந்த இடமெல்லாம் அதில் இருந்தன. ஹமீத் எவ்வளவு பெரிய வாயாடி தெரியுமா? மற்றவர்கள் கையில் பிஷ்தி என்ற தண்ணீர்க்காரன், சிப்பாய், வக்கீல் பொம்மைகள். என் இடுக்கியை ஓங்கித் தரையில் போட்டுப்பார், ஒன்றும் ஆகாது, உன் பிஷ்தியைப் போடு பார்ப்போம் என்கிறான். சிங்கம் வந்தால் உங்கள் சிப்பாய் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுவான், என் இடுக்கி பாய்ந்துபோய்ச் சிங்கத்தின் கண்ணைப் பிடுங்கும் என்கிறான். தர்க்கத்தில் இடம் கிடைக்காதபோது, இடுக்கி உங்கள் வக்கீலைக் கீழே தள்ளி அவருடைய சட்டத்தையே வயிற்றுக்குள் போட்டுவிடும் என்று அர்த்தமில்லாமல் அடித்துவிட்டு ஜெயிக்கிறான். மிட்டாய் தராதவர்கள் மேல் அவனுக்குக் கோபம் வருகிறது. தின்னட்டும், வாய் புண்ணாகட்டும் என்று மனசுக்குள் சபிக்கிறான். அப்படி ஒரு பையன்! அவனைப் போய் ஆசையற்ற சாமியாக்கி என் சட்டையில் குத்திவிட்டார்கள்.

அந்த வாழைப்பழம் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். பாட்டியின் விரலுக்காக அழவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தின்ன ஏதோ ஒன்று கிடைத்தது என்பதற்காக அழுதேன். இப்போது மேசைவிளக்கு ‘ஒரு வாய் சாப்பிடாமல்’ என்று எழுதி, அந்த ஒரு பழத்தையும் அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

ஒற்றைச்செருப்பு:
உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அதற்குக் கதை பொறுப்பில்லை, அந்த வாத்தியார்தான் பொறுப்பு. நீங்கள் சொன்னதை வைத்தே பார்த்தாலும் ஹமீத் கோபக்காரன், வாயாடி, சபிக்கிறவன், புகழ் தேடுகிறவன். அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? போற்ற ஒன்றுமில்லை.

கடைசிப்பெஞ்சு:
நான் எப்போது அப்படிச் சொன்னேன்? என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். வாயாடி என்றால் மட்டமா?

பழையபுத்தகம்:
கடைசிப்பெஞ்சின் அனுபவம் வருந்தத்தக்கது. ஆனால் அனுபவம் சான்றாகாது. ஆசிரியரையும் பார்க்க வேண்டும். பிரேம்சந்தே சிறு வயதில் தாயை இழந்தவர். அதன்பின் பாட்டியிடம் இருந்தார், அந்தப் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டாள். லம்ஹி கிராமத்துத் தனபத் ராய் என்ற அந்தப் பையன்தான் அமீனாவை எழுதினான். அந்தக் கையில் ஹமீதைக் குறைத்துக் காட்டும் எண்ணம் இருந்திருக்கவே முடியாது. கதையின் முடிவைப் பாருங்கள்: ஹமீத் கிழவனின் வேஷத்தை ஏற்கிறான், கிழவி அமீனா குழந்தையாகிவிடுகிறாள். இதற்கு மேல் என்ன பாராட்டு வேண்டும்?

ஒற்றைச்செருப்பு:
அதே கை 1936இல் இந்தியில் ‘கஃபன்’ கதையையும் தந்தது. உள்ளே புதியா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருக்க, மாமனார் கீசுவும் புருஷன் மாதவும் வெளியே உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கிறார்கள். ஒருத்தன் உள்ளே போய்ப் பார்க்கப் போனால் மற்றவன் கிழங்கில் பெரும்பங்கைத் தின்றுவிடுவானோ என்று பயம். அவள் செத்த பிறகு, கோடித்துணி வாங்க ஊரில் வாங்கிய பணத்தைக் குடித்தே தீர்க்கிறார்கள். அவர்களும் ஏழைகள்தான். ஏழை என்றால் புனிதம் என்று பிரேம்சந்த் நம்பியிருந்தால் அந்தக் கதையை எழுதியிருக்க மாட்டார்.

மேசைவிளக்கு:
ஹமீதையும் கீசுவையும் ஒரே தராசில் வைக்கிறீர்களா? ஒருவன் தன் வயிற்றைக் கட்டிக் கொடுத்தவன். மற்றவன் செத்தவளின் துணிக்காசைக் குடித்தவன். இந்த வித்தியாசத்துக்குத்தான் போற்றத்தக்கவன் என்று பெயர்.

கடைசிப்பெஞ்சு:
வயிற்றைக் கட்டவில்லை. பழம் சாப்பிட்டான்.

மேசைவிளக்கு:
கடவுளே! வாங்குவதற்கு முன்பா பின்பா?

கடைசிப்பெஞ்சு:
நீங்கள் எழுதியது “நாள் முழுக்க ஒரு வாய் சாப்பிடாமல்.” முன்பு, பின்பு என்றெல்லாம் அதில் இல்லை. எழுதியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன்.

மேசைவிளக்கு:
தப்பில்லாததைத் தப்பு என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஒரு சின்னப் பழத்தில் பாதி. அதைச் சாப்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசிப்பெஞ்சு:
பாதி என்று எங்கே இருக்கிறது? சின்னப் பழம் என்று எங்கே இருக்கிறது? மூலத்தில் இல்லாத வினையை நான் சேர்த்தேன் என்றால் ஐயா ஓடி வருகிறார். நீங்கள் பழத்தின் அளவையே குறைக்கிறீர்கள், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பழையபுத்தகம்:
கேட்கிறேன். மேசைவிளக்கு, அளவைப் பற்றி மூலத்தில் குறிப்பில்லை. அப்புறம், மூலத்தில் அந்த இடத்தில் வாழைப்பழம் பன்மையில் வருகிறது. ஆனால் அது மஹ்மூதின் அப்பா கொடுத்ததைக் குறிக்கும். ஹமீதின் பங்கு எத்தனை என்று யாரும் சொல்ல முடியாது.

தாழ்வாரம்:
எனக்கு ஒரு சந்தேகம். அவன் சாப்பிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டி தின்னவில்லை குடிக்கவில்லை என்று மாரடித்துக்கொள்ளும்போது, இல்லை அம்மா, பழம் தின்றேன் என்று ஏன் சொல்லவில்லை? உன் விரல் சுடுகிறது, அதனால் வாங்கினேன் என்று மட்டும்தானே குற்றவாளி மாதிரி நின்று சொல்கிறான். அவள் அழுகையை நிறுத்த அந்த ஒரு வார்த்தை போதுமே.

ஒற்றைச்செருப்பு:
அதுதான் நான் சொன்ன கணக்கு. பழத்தைச் சொன்னால் பாராட்டு குறையும்.

தாழ்வாரம்:
நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை. குழந்தையின் மேல் சேற்றை வாரி இறைக்காதீர்கள்.

கடைசிப்பெஞ்சு:
பாட்டி கத்துகிறாள், பிள்ளை பயந்துபோயிருக்கிறான். ஏன் வாங்கினாய் என்றுதான் அவள் திட்டுகிறாள், அதற்குப் பதில் சொல்கிறான். நீ என்ன தின்றாய் என்று அவனை யார் கேட்டார்கள்? என்னை யார் கேட்டார்கள்?

ஒற்றைச்செருப்பு, நாலு வயதுப் பிள்ளை பாராட்டுக் குறையும் என்று பழத்தை மறைத்தான் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே! ராட்டினத்துக்கு ஒரு பைசா, 25 சுற்று. தன்னிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுமே என்று தள்ளி நின்று பார்த்தவன் அவன். அந்த ராட்டினத்தில் அவனை ஏற்றிவிட ஒரு பெரிய மனுஷனுக்கும் மனசு வரவில்லை. அந்த ஊரிலிருந்து எத்தனை அப்பாக்கள் கூடப் போனார்கள்! ஒருவர் கொடுத்தார், வாழைப்பழம், அதுவும் தன் மகனுக்கு. ஹமீத் நல்லவனா என்று இத்தனை பேர் விசாரணை வைக்கிறோம். அந்தப் பெரியவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நடுவாசல்:
இது நல்ல கேள்வி. ஆனால் மறுபடியும் சொல்கிறேன், ‘நல்லவன்’ வேறு, ‘போற்றத்தக்கவன்’ வேறு. இந்தப் பிரிவைச் செய்யாமல் எவ்வளவு பேசினாலும்

ஒற்றைச்செருப்பு:
நடுவாசல், உங்கள் மூன்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தனியாக விளையாடுங்கள். கடைசிப்பெஞ்சு, கை வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. குழந்தை என்பதற்காகப் படித்ததைப் படிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. பாட்டி ஊருக்கெல்லாம் காட்டுவாள் என்று நினைத்தானா இல்லையா?

கடைசிப்பெஞ்சு:
நினைத்தான். பழமும் சாப்பிட்டான். இரண்டும் கதையில் இருக்கிறது. நீங்கள் ஒன்றை மட்டும் எடுக்கிறீர்கள், மேசைவிளக்கு இரண்டையும் விட்டுவிடுகிறார்.

மேசைவிளக்கு:
நான் எதையும் விடவில்லை. என் வாக்கியம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன், அப்போதும் அப்படியேதான் சொல்வேன். சொல்வதைத் தடுக்க யாராலும் முடியாது.

கடைசிப்பெஞ்சு:
சொல்லுங்கள். ஆனால் கதை முடிந்ததும் எந்தப் பிள்ளையையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

மேசைவிளக்கு:
நான் உங்கள் வாத்தியார் இல்லை.

தாழ்வாரம்:
பிள்ளைகளிடம் சொல்லும்போது வாழைப்பழத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இவருக்காகச் சொல்லவில்லை. பசியோடு வந்தான் என்று கேட்டால் சின்னதுகளுக்கு ராத்திரி தூக்கம் வராது.

மேசைவிளக்கு:
நீங்களுமா அம்மா? முதலில் என் பக்கம் பேசினீர்கள்.

தாழ்வாரம்:
நான் யார் பக்கமும் பேசவில்லை. பாட்டி பக்கம் பேசினேன்.

பழையபுத்தகம்:
பிரேம்சந்த் கதைகளின் ‘மானசரோவர்’ முதல் தொகுதியில் ‘ஈத்கா’ இருக்கிறது. என் பிரதி பரண் பெட்டியில் இருக்க வேண்டும். நாளை எடுத்து அந்தப் பத்தியை வரிக்கு வரி பெயர்த்துப் போடுகிறேன். சாஜீ என்ற சொல்லுக்கு ‘உடன் தின்றவன்’ என்ற பொருள் எந்த அகராதியிலும் இல்லை என்பதைத் தம்பி அப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பற்றுக்குறடு என்ற சொல்லைப் பற்றியும் இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கடைசிப்பெஞ்சு:
எடுத்து வாருங்கள் ஐயா. அந்தப் பக்கத்தில் அந்தப் பழம் இருக்கும். அதை யார் கையில் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பெயர்த்துப் போடுங்கள். அப்புறம், தம்பி இல்லை. 52.